தொட்டில் ஸ்பிரிங்கும் சைக்கிள் பெடலும்: கால்குலஸ் இல்லாமல் தனிச்சீரிசை இயக்கம்

ஸ்பிரிங்கில் தொங்கும் பை மேலும் கீழும் ஆடுவதுபோல, நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதற்கேற்ற விசையோடு நடுவை நோக்கியே இழுக்கப்படும் ஆட்டத்துக்குத் தனிச்சீரிசை இயக்கம் என்று பெயர். இதைச் சொல்லித்தரும் அலைவுகள் பாடத்தைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே கால்குலஸின் வகைக்கெழு வந்து வழியை மறித்து நிற்கும். பின்னாலேயே சைன், கொசைன் என்று ஒரு படையே வரும். பலர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டு, பரீட்சைக்குச் சூத்திரத்தை மட்டும் உருப்போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. இந்தப் பாடத்தின் சாரம் முழுவதையும் பத்தாம் வகுப்புக் கணக்கை வைத்தே பிடித்துவிடலாம். முக்கோணத்தின் பரப்பு, பிதாகரஸ் தேற்றம், வட்டத்தின் சுற்றளவு இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

வழி இதுதான்: முதலில் ஆற்றலுக்கு வரவு செலவுக் கணக்கு எழுதுவோம். அந்தக் கணக்கே ஒரு வட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்த வட்டத்தின் சுற்றளவிலிருந்து நேரம் கிடைத்துவிடும். நடுவில் எந்த இடத்திலும் ‘இதை நம்பிக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல மாட்டேன்.

வேண்டிய பொருள்கள்

ஒரு தொட்டில் ஸ்பிரிங். சேலையில் தூளி கட்டும்போது மேலே மாட்டுவோமே, அந்தக் கனமான சுருள் கம்பிதான். அதை மாட்ட உறுதியான ஒரு கொக்கி, ஒரு துணிப்பை, ஒரு கிலோ பருப்பு, உப்பு பாக்கெட்டுகள் ஏழெட்டு, ஒரு அளவுகோல், கைபேசியில் ஸ்டாப்வாட்ச். குழந்தை தூங்கும் தூளியில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். ஸ்பிரிங்கைக் கழற்றித் தனியாக மாட்டுங்கள். பை அறுந்தால் உங்கள் காலில் விழாத இடமாகவும் பாருங்கள்.

நான் கீழே தரும் எண்களெல்லாம் எங்கள் வீட்டு ஸ்பிரிங்கில் அளந்தவை. என் மகள் தூளியைவிட்டு இறங்கி வெகு நாளாகிறது. ஸ்பிரிங் மட்டும் பரணில் கிடந்தது. உங்கள் ஸ்பிரிங்குக்கு எண்கள் வேறாக வரும், செய்முறை மாறாது.

முதல் படி: நடுவைக் குறித்துக்கொள்ளுங்கள்

பையில் 5 கிலோ போட்டு மாட்டி, அசைவு நிற்கும்வரை விடுங்கள். அது நிற்கும் இடத்துக்கு நேராகச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இதுதான் சமநிலைப் புள்ளி. இனிமேல் எல்லாத் தூரத்தையும் இந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். தரையிலிருந்தோ கொக்கியிலிருந்தோ அளக்கக் கூடாது. கேட்டால் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் நான் பார்த்த தப்புகளில் பாதி, தூரத்தை எங்கிருந்து அளக்கிறோம் என்பதை மறந்ததால் வந்தவைதான்.

இப்போது பையைக் கோட்டிலிருந்து 4 செ.மீ. கீழே இழுத்து விடுங்கள். அது மேலே 4 செ.மீ. போய், திரும்பக் கீழே வரும். அந்த 4 செ.மீ. வீச்சு. கீழிருந்து கிளம்பி மேலே போய்த் திரும்பக் கீழே வந்து சேர ஆகும் நேரம் அலைவுக்காலம். கீழிருந்து மேலே போவது பாதி அலைவுதான். எண்ணும்போது இதில் ஏமாந்துவிடாதீர்கள்.

இரண்டாம் படி: ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு?

ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு நீட்ட இரண்டு மடங்கு விசை வேண்டும், மூன்று மடங்குக்கு மூன்று மடங்கு. இதைச் சொன்னவர் ராபர்ட் ஹூக். 1676இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்டுப் புதிர்போல வெளியிட்டார். யாராவது தன் கண்டுபிடிப்பைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் அந்தக் கால அறிவியலாளர்கள் பலருக்கும் இருந்தது. 1678இல் தான் அதை அவிழ்த்துக் காட்டினார்: நீட்சி எவ்வளவோ, விசையும் அவ்வளவு.

ஒரு மீட்டர் நீட்ட எத்தனை நியூட்டன் வேண்டும் என்பதே ஸ்பிரிங் மாறிலி. அளப்பது எளிது என்று நினைத்தேன். 5 கிலோவை மாட்டினேன், ஸ்பிரிங் 6 செ.மீ. நீண்டது. 5 கிலோவின் எடை 49 நியூட்டன். 49ஐ 0.06ஆல் வகுத்தால் மீட்டருக்குச் சுமார் 817 நியூட்டன். இதை வைத்துக் கணக்குப் போட்டால் 20 அலைவுக்கு 9.8 வினாடி ஆக வேண்டும். எப்படி என்று பின்னால் வரும். ஸ்டாப்வாட்ச்சில் அளந்தால் 12.8 வினாடி! கை பிசகியிருக்கும் என்று திரும்பத் திரும்ப அளந்தேன். ஒவ்வொரு முறையும் 12.8ஐ ஒட்டியே வந்தது.

அப்புறம்தான் ஒவ்வொரு கிலோவாகப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. முதல் கிலோவுக்கு ஸ்பிரிங் அசையவே இல்லை. இரண்டாவது கிலோவுக்கும் சும்மா நின்றது. மூன்றாவதுக்கு 2 செ.மீ. நீண்டது. நான்காவதுக்கு இன்னும் 2, ஐந்தாவதுக்கு இன்னும் 2. விஷயம் புரிந்தது. தொட்டில் ஸ்பிரிங்கைச் சுற்றும்போதே சுற்றுகள் ஒன்றையொன்று இறுக்கி அழுத்திக்கொண்டிருக்கும்படி சுற்றுகிறார்கள். அந்த இறுக்கத்தை முதலில் வென்றால்தான் வாய் திறக்கும். எங்கள் ஸ்பிரிங்குக்கு அந்த நுழைவுக் கட்டணம் 2 கிலோ.

ஆகவே மொத்த எடையை மொத்த நீட்சியால் வகுக்காதீர்கள். ஸ்பிரிங் திறந்த பிறகு, கூடுதலாக ஒரு கிலோ போட்டால் கூடுதலாக எவ்வளவு நீள்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு கிலோ என்றால் 9.8 நியூட்டன், அதை 0.02 மீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு 490 நியூட்டன். இதுதான் சரியான மாறிலி. இன்னொன்று: ஆடும்போது சுற்றுகள் மேலே போய் முட்டிக்கொள்ளக் கூடாது. சமநிலையில் 6 செ.மீ. திறந்திருப்பதால் 4 செ.மீ. வீச்சுக்குப் பயமில்லை. 6ஐத் தாண்டினால் மேலே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதோடு நம் கணக்கும் போச்சு.

மூன்றாம் படி: ஆற்றலின் வரவு செலவு

பையைக் கோட்டிலிருந்து கீழே இழுக்கிறீர்கள். பையின் எடையை ஸ்பிரிங் ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருக்கிறது; அந்தக் கணக்கு கோட்டிலேயே நேராகிவிட்டது. ஆகவே உங்கள் கை எதிர்க்க வேண்டியது கூடுதல் நீட்சியின் விசையை மட்டும்தான். கோட்டில் அது சுழியம், 2 செ.மீ. கீழே 9.8 நியூட்டன், 4 செ.மீ. கீழே 19.6 நியூட்டன். பையைக் கோட்டுக்கே திருப்பி இழுக்கும் இதைத்தான் மீள்விசை என்கிறோம்.

சரி, 4 செ.மீ. இழுக்க நீங்கள் செய்த வேலை எவ்வளவு? வேலை என்பது விசையைத் தூரத்தால் பெருக்குவது. ஆனால் விசை ஒரே அளவில் இல்லையே, கூடிக்கொண்டே போகிறதே? இங்கேதான் பாடப்புத்தகம் கால்குலஸின் தொகையீட்டைக் கூப்பிடும். நாம் ஒரு படம் போடுவோம். கிடையாகத் தூரம், செங்குத்தாக விசை. சுழியத்தில் தொடங்கி ஒரே சாய்வில் ஏறும் நேர்கோடு கிடைக்கும். அதன் அடியில் இருப்பது ஒரு முக்கோணம். வேலை என்பது அதன் பரப்பு: பாதி × அடிப்பக்கம் × உயரம். பாதி × 0.04 × 19.6 = 0.392 ஜூல்.

படம் வேண்டாம் என்றால் இப்படி யோசியுங்கள்: விசை 0இலிருந்து 19.6 வரை சீராக ஏறுவதால் சராசரி 9.8 நியூட்டன். அதை 0.04 மீட்டரால் பெருக்கினாலும் அதே 0.392 ஜூல்தான்.

பொதுவாகச் சொன்னால்: நிலை ஆற்றல் = பாதி × ஸ்பிரிங் மாறிலி × (கோட்டிலிருந்து தூரம்)². அந்த ‘பாதி’ எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முக்கோணத்திலிருந்து என்று இனித் தைரியமாகச் சொல்லலாம். ‘பை கீழே போனால் புவியீர்ப்பு நிலை ஆற்றல் குறையுமே, அதைச் சேர்க்க வேண்டாமா?’ என்று ஒரு பெண் என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி. அது ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கிறது. நாம் எடுத்தது ஸ்பிரிங் விசையிலிருந்து எடையைக் கழித்த மீதி விசை. கோட்டிலிருந்து அளக்கச் சொன்னதன் லாபமே இதுதான்; இரண்டு ஆற்றலும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இப்போது கையை விடுங்கள். கிளம்பும் நொடியில் வேகம் இல்லை, 0.392 ஜூலும் நிலை ஆற்றல். கோட்டைக் கடக்கும்போது தூரம் சுழியம், ஆகவே நிலை ஆற்றலும் சுழியம்; 0.392 ஜூலும் இயக்க ஆற்றலாகிவிட்டது. பாதி × 5 × வேகத்தின் வர்க்கம் = 0.392. கணக்கைப் போட்டால் வேகம் வினாடிக்கு 0.396 மீட்டர், கிட்டத்தட்ட 40 செ.மீ. இதுதான் உச்ச வேகம்.

இடையில் எந்த இடத்திலும் இதே கணக்குத்தான். 2 செ.மீ. தூரத்தில் பாருங்கள். வீச்சில் பாதி என்பதால் ஆற்றலும் பாதி என்றுதான் மனம் சொல்லும். ஆனால் தூரத்துக்கு வர்க்கம் இருப்பதால் நிலை ஆற்றல் கால்வாசிதான், 0.098 ஜூல். மீதி முக்கால், அதாவது 0.294 ஜூல், இயக்க ஆற்றல். அங்கே வேகம் வினாடிக்கு 34.3 செ.மீ. பாதி தூரம் விலகிப் போயும் வேகம் 13 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. 3 செ.மீ. தூரத்தில் அதே கணக்கைப் போட்டால் 26.2 செ.மீ. கடைசி ஒரு செ.மீ.இல் அது அப்படியே சுழியத்துக்கு விழுகிறது. இரண்டு ஆற்றலும் சரிபாதியாவது 2 செ.மீ.இல் அல்ல, 2.83 செ.மீ.இல் தான்.

நான்காம் படி: எண்களுக்குள் ஒளிந்திருக்கும் வட்டம்

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

உச்ச வேகத்தை வீச்சால் வகுத்துப் பாருங்கள்: 39.6 ÷ 4 = 9.9. இந்த 9.9 திடீரென்று முளைத்ததல்ல; 490ஐ 5ஆல் வகுத்தால் 98, அதன் வர்க்கமூலம் 9.9. ஸ்பிரிங் மாறிலியை நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது. இதற்குக் கோண அதிர்வெண் என்று பெயர். பெயர் ஏன் ‘கோண’ என்று தொடங்குகிறது என்பது அடுத்த படியில் தெரியும்.

இப்போது ஒவ்வொரு இடத்திலும் வேகத்தை 9.9ஆல் வகுத்து, வர்க்கத்தை எழுதுவோம். 2 செ.மீ.இல் 34.3 ÷ 9.9 = 3.46, வர்க்கம் 12. தூரத்தின் வர்க்கம் 4. கூட்டினால் 16. 3 செ.மீ.இல் 26.2 ÷ 9.9 = 2.65, வர்க்கம் 7. தூரத்தின் வர்க்கம் 9. கூட்டினால் மறுபடியும் 16. கோட்டில் 0 கூட்டல் 16. ஓரத்தில் 16 கூட்டல் 0. எங்கே போனாலும் 16தான், வீச்சு 4இன் வர்க்கம்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டல் எப்போதும் ஒரே வர்க்கம் என்றால் அது பிதாகரஸ் தேற்றம். கர்ணம் 4 செ.மீ. உள்ள செங்கோண முக்கோணம். ஒரு பக்கம் தூரம், மறு பக்கம் வேகத்தை 9.9ஆல் வகுத்தது. பை ஆட ஆட இரண்டு பக்கங்களும் மாறும், கர்ணம் மாறாது. நீளம் மாறாத கர்ணத்தின் ஒரு முனையை ஓரிடத்தில் ஊன்றினால் மறுமுனை எங்கே நடக்கும்? 4 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில். ஆற்றல் அழியாது என்ற விதியும் பிதாகரஸ் தேற்றமும் இங்கே ஒன்றேதான், வேறு வேறு சட்டை போட்டிருக்கின்றன.

ஐந்தாம் படி: சைக்கிளுக்குப் பின்னால் உட்காருங்கள்

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, யாரையாவது பெடலை ஒரே சீராகச் சுற்றச் சொல்லுங்கள். நீங்கள் பின்பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் வட்டமாகச் சுற்றும் பெடல், பின்னாலிருந்து பார்த்தால் வெறுமனே மேலும் கீழும் போய்வரும். நடுவில் விர்ரென்று கடக்கும், உச்சியிலும் அடியிலும் தயங்கித் திரும்பும். அச்சு அசல் நம் பை மாதிரியே. பார்ப்பதற்கு மட்டும்தான் ஒத்துப்போகிறதா, உண்மையிலேயே ஒன்றா?

சோதித்துவிடுவோம். கற்பனையில் 4 செ.மீ. நீளப் பெடல் தண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நுனி வினாடிக்கு 39.6 செ.மீ. என்ற மாறாத வேகத்தில் வட்டமடிக்கிறது. அச்சிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் இருக்கும்போது, மேல்நோக்கிய வேகம் மட்டும் எவ்வளவு? தண்டைக் கர்ணமாக வைத்து ஒரு முக்கோணம் வரையுங்கள்: உயரம் 2, கர்ணம் 4, கிடைப்பக்கம் 3.46. பெடல் நகரும் திசை தண்டுக்குச் செங்குத்து. ஆகவே முக்கோணத்தை 90 பாகை திருப்பி வைத்தால் அதுவே வேகத்தின் முக்கோணம். முன்பு கிடையாக இருந்த பக்கம் இப்போது செங்குத்தாக நிற்கிறது. மேல்நோக்கிய வேகம் = 39.6 × (3.46 ÷ 4) = 34.3 செ.மீ. நம் பை 2 செ.மீ.இல் போன அதே வேகம். 3 செ.மீ.இல் போட்டுப் பாருங்கள், 26.2 வரும்.

ஆக, பையும் பெடலின் நிழலும் (பின்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் அந்த மேல்கீழ் ஓட்டம்தான்) ஒரே இடத்தில் கிளம்புகின்றன. வழியில் ஒவ்வொரு இடத்திலும் இரண்டுக்கும் ஒரே வேகம். அப்படியென்றால் போய்ச் சேரும் நேரமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? ஒரே சாலையில், ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் ஒரே வேகத்தில் போகும் இரண்டு பேருந்துகள் ஊருக்குச் சேர்ந்துதான் போய்ச் சேரும்.

பெடலின் நேரத்தைக் கணக்கிட எதுவுமே தெரிய வேண்டாம். சுற்றளவை வேகத்தால் வகுத்தால் சரி. சுற்றளவு 2π × ஆரம்; 2π என்பது 6.28, ஆக 6.28 × 4 = 25.1 செ.மீ. அதை 39.6ஆல் வகுத்தால் 0.635 வினாடி. 20 அலைவுக்கு 12.7 வினாடி. ஸ்டாப்வாட்ச் காட்டியது 12.8. அந்தப் பொடி வித்தியாசத்துக்கும் காரணம் உண்டு: ஸ்பிரிங்கும் சேர்ந்துதான் ஆடுகிறது. அதன் மேல்முனை அசைவதில்லை, கீழ்முனை பையோடு முழு வேகத்தில் போகிறது; கணக்குப் பார்த்தால் ஸ்பிரிங்கின் நிறையில் மூன்றில் ஒரு பங்கைப் பையோடு கூட்ட வேண்டும். எங்கள் ஸ்பிரிங் 300 கிராம். 100 கிராம் சேர்த்து 5.1 கிலோ என்று போட்டால் 12.8 வந்துவிடுகிறது.

இப்போது எண்களை விட்டுவிட்டுச் சொல்லலாம். உச்ச வேகம் = வீச்சு × கோண அதிர்வெண். பெடல் எவ்வளவு வேகமாகக் கோணம் திரும்புகிறது என்பதைத்தான் இந்தக் கோண அதிர்வெண் சொல்கிறது; பெயரில் ‘கோண’ வந்தது அதனால்தான். சுற்றளவு = 6.28 × வீச்சு. ஒன்றை மற்றதால் வகுக்கும்போது வீச்சு அடிபட்டுப் போகிறது. மிச்சம்:

அலைவுக்காலம் = 6.28 × √(நிறை ÷ ஸ்பிரிங் மாறிலி)

வீச்சு அடிபட்டுப் போனதைச் சும்மா தாண்டிவிடாதீர்கள். 4 செ.மீ. இழுத்துவிட்டாலும் 2 செ.மீ. இழுத்துவிட்டாலும் அதே 0.635 வினாடிதான். 2 செ.மீ. என்றால் ஆற்றல் கால்வாசி, உச்ச வேகம் பாதி, போக வேண்டிய தூரமும் பாதி. பாதி வழியைப் பாதி வேகத்தில் போனால் நேரம் மாறாது. செய்து பாருங்கள், இரண்டாவது தடவை எண்ணும்போது நம்பிக்கை வரும்.

பெடல் இன்னொன்றையும் இலவசமாகத் தருகிறது. கோட்டிலிருந்து 2 செ.மீ. உயரம் வரை போகப் பெடல் 30 பாகை திரும்பினால் போதும். 2இலிருந்து 4 வரை போக இன்னும் 60 பாகை. ஒரே அளவுத் தூரம்தான், ஆனால் வெளிப் பாதிக்கு இரண்டு மடங்கு நேரம். ஊஞ்சலில் ஆடும் குழந்தையைப் படம் எடுக்க வேண்டுமென்றால் ஓரத்தில் வரும்போது எடுங்கள் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

பிள்ளைகள் வழுக்கும் இடங்கள்

ஓரத்தில் வேகம் சுழியம் என்பதால் விசையும் சுழியம் என்று எழுதிவிடுவார்கள். நேர்மாறு. அங்கேதான் விசை உச்சம், நம் பைக்கு 19.6 நியூட்டன். விசையும் சுழியமாக இருந்தால் பை அங்கேயே நின்றுவிடாதா? 19.6ஐ 5 கிலோவால் வகுத்தால் முடுக்கம் 3.92. பெடலின் மையநோக்கு முடுக்கத்தைப் போட்டுப் பாருங்கள்: வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க வேண்டும், 0.396 × 0.396 ÷ 0.04 = 3.92. இரண்டு வழியிலும் ஒரே விடை.

சராசரி வேகத்தை உச்ச வேகத்தில் பாதி என்று எடுப்பது இன்னொரு தப்பு. ஒரு அலைவில் பை போகும் தூரம் 16 செ.மீ.; நேரம் 0.635 வினாடி, சராசரி 25.2. உச்சத்தில் 64 சதவீதம். அப்புறம் செ.மீ.ஐ மீட்டராக்க மறப்பது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

ஊஞ்சலுக்கு ஸ்பிரிங் எங்கே?

ஊஞ்சலிலோ கயிற்றில் தொங்கும் குண்டிலோ ஸ்பிரிங் இல்லை. ஆனாலும் அதே கணக்கு அங்கேயும் ஓடும், ஆற்றலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால்.

1 மீட்டர் கயிற்றில் ஒரு குண்டைக் கட்டி 10 செ.மீ. பக்கவாட்டில் இழுங்கள். எவ்வளவு மேலே ஏறியிருக்கும்? பிதாகரஸ்தான்: கர்ணம் 1 மீட்டர், ஒரு பக்கம் 0.1 மீட்டர், மறு பக்கம் 0.995 மீட்டர். ஆக அரை செ.மீ. ஏறியிருக்கிறது. 20 செ.மீ. இழுத்தால் 2 செ.மீ. ஏறும், அதாவது நான்கு மடங்கு. ஏறும் உயரம் தூரத்தின் வர்க்கத்தோடு போகிறது. சுருக்கமாக: உயரம் = தூரத்தின் வர்க்கம் ÷ (2 × கயிற்றின் நீளம்). தூரம் நீளத்தைவிடச் சிறிதாக இருக்கும்வரை இது ரொம்பக் கிட்டத்தில் சரி.

நிலை ஆற்றல் என்பது எடையை உயரத்தால் பெருக்குவது. ஆகவே நிலை ஆற்றல் = பாதி × (எடை ÷ நீளம்) × தூரத்தின் வர்க்கம். மூன்றாம் படியில் எழுதியதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் மாறிலி இருந்த இடத்தில் ‘எடை ÷ நீளம்’ உட்கார்ந்திருக்கிறது; மற்றதெல்லாம் அப்படியே. ஆற்றலின் கணக்கு ஒன்றென்றால் வட்டமும் ஒன்றுதான், நேரத்தின் சூத்திரமும் ஒன்றுதான். எடை என்பது நிறை × 9.8 என்பதால் நிறை மேலும் கீழும் அடிபட்டு,

அலைவுக்காலம் = 6.28 × √(நீளம் ÷ 9.8)

என்று நிற்கிறது. கூடத்து ஊஞ்சலின் சங்கிலி 2.5 மீட்டர் என்றால் ஒரு அலைவுக்குச் சுமார் 3.2 வினாடி. பாட்டி உட்கார்ந்தாலும் பேத்தி உட்கார்ந்தாலும் ஏறக்குறைய அதே நேரம்.

எங்கே இது கையை விடும்? அகலமாக ஆடும்போது. 10 பாகை சாய்த்துவிட்டால் பிழை 0.2 சதவீதம்தான். 30 பாகைக்கு 1.7 சதவீதம். 60 பாகைக்கு 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். சரியாக இந்தத் தலைவலிதான் கிறிஸ்டியான் ஹைகன்ஸுக்கும் இருந்தது. 1656இல் ஊசல் கடிகாரத்தை வடிவமைத்தவர் அவர். வீச்சு மாறினால் நேரமும் மாறுகிறதே என்று மெனக்கெட்டு, அதற்கொரு தீர்வை 1673இல் புத்தகமாகவே எழுதினார்.

சூத்திரத்தில் 9.8 இருப்பதற்கு ஒரு விலை உண்டு. 1672இல் ழான் ரிஷே என்பவர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்கு ஊசல் கடிகாரத்தைக் கொண்டுபோனார். அங்கே அது நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. ஸ்பிரிங்கில் ஆடும் பைக்கு இந்தக் கவலை இல்லை. அதன் சூத்திரத்தில் ஈர்ப்பே கிடையாது. நிலாவுக்குக் கொண்டுபோனாலும் அதே நேரம்தான். என்ன, எங்கள் வீட்டு ஸ்பிரிங்கை நிலாவில் மாட்டினால் 5 கிலோ பையின் எடை அங்கே 8 நியூட்டன்தான். 2 கிலோ நுழைவுக் கட்டணமே கட்ட முடியாமல் வாய் மூடித் தொங்கும்.

ஆட்டம் அடங்கும்போது

பை என்றென்றைக்கும் ஆடாது. காற்றும் கொக்கியின் உராய்வும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலை எடுத்துக்கொள்ளும். இங்கேயும் வர்க்கத்தை நினைவில் வையுங்கள். வீச்சு 10 சதவீதம் குறைந்தால் ஆற்றல் 19 சதவீதம் போய்விட்டது என்று பொருள். 4 செ.மீ. 2 ஆனபோது முக்கால்வாசி ஆற்றல் காலி. ஆனால் அலைவுக்காலம் அசையாது. நேரத்தை அளக்கும்போது வீச்சு குறைகிறதே என்று பதற வேண்டியதில்லை, எண்ணிக்கொண்டே இருங்கள். 20 அலைவாவது எண்ணுங்கள். ஸ்டாப்வாட்ச்சை அமுக்கும் விரல் எப்படியும் 0.2 வினாடி முன்னே பின்னே போகும். அதை 20ஆல் வகுத்தால் ஒரு அலைவுக்கு 0.01 வினாடிதான். பை கோட்டைக் கடக்கும் நொடியில் அமுக்குவது நல்லது. ஓரத்தில் அது தயங்கி நிற்பதால் எப்போது திரும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

கடைசியாக, சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

நேரமும் மாறிலியும் தெரிந்தால் நிறை கிடைக்கும்: நிறை = மாறிலி × அலைவுக்காலத்தின் வர்க்கம் ÷ 39.5. இந்த 39.5 என்பது 2πஇன் வர்க்கம். விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. எடையே இல்லாத விண்வெளியில் தராசு வேலை செய்யாது. 1973இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் வீரர்கள் ஸ்பிரிங் பொருத்திய இருக்கையில் உட்கார்ந்து ஆடி, நேரத்தை அளந்துதான் தங்கள் நிறையைக் கண்டுபிடித்தார்கள்.

நானும் ஒரு நாள் காய்கறிப் பையோடு வந்த கையோடு அதைத் தொட்டில் ஸ்பிரிங்கில் மாட்டினேன். 4 கிலோ என்று நிறுத்துக் கொடுத்திருந்தார் கடைக்காரர். 3 செ.மீ. இழுத்து விட்டேன். 20 அலைவுக்கு 11.6 வினாடி, ஒன்றுக்கு 0.58. வர்க்கம் 0.336; அதை 490ஆல் பெருக்கி 39.5ஆல் வகுத்தால் 4.17 கிலோ. ஸ்பிரிங்கின் பங்கு 100 கிராமைக் கழித்தால் 4 கிலோ 70 கிராம். என் விரலின் 0.2 வினாடிப் பிழை மட்டுமே 140 கிராம் வரை ஏமாற்றக்கூடியது. ஆகவே கடைக்காரர் 70 கிராம் கூடப் போட்டார் என்று சந்தோஷப்படவும் முடியவில்லை, அவரோடு சண்டைக்குப் போகவும் வழியில்லை. கத்தரிக்காயை எடுத்துக் கழுவப் போட்டேன்.